கரண்டி யார் கையில்?

வீட்டு வேலையைத் தொடங்கிய எவரும் சொல்லும் முதல் குறை, ஆள் கிடைப்பதில்லை என்பதுதான். கொத்தனார், தச்சர், பிளம்பர், வெல்டர் என்று பட்டியல் நீளும். இந்தக் குறை இனி கூடுமே தவிரக் குறையாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்; ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ள வேண்டிய 2.1-க்கு இது கீழே. அந்தப் பிள்ளைகளிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் கல்லூரிக்குப் போகிறார்கள். 2021–22-இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதமாக இருக்க, இங்கே அது 47. பெருமைப்பட வேண்டிய இந்தக் கணக்கே, நாளை சுவர் எழுப்பப் போவது யார் என்ற கவலையையும் கிளப்புகிறது. கவலைப்படுகிறவர்கள் உடனே ஓர் அறவுரையை எடுத்து நீட்டுகிறார்கள்: எல்லாத் தொழிலும் புனிதமே, இளைஞர்கள் கைத்தொழிலை இழிவாக நினைக்கலாகாது. அறவுரையில் பிழையில்லை. ஆனால் ஒரு தொழிலைப் புனிதம் என்று சொல்ல எப்போது நமக்குத் தகுதி வருகிறது?

தொழிலை வழிபாடாகக் காணும் சிந்தனை நம் நாட்டில் இரண்டு வழிகளில் ஓடியிருக்கிறது. ஒன்று, கீதை பேசும் சுயதர்மம். பிறர் தர்மத்தைச் செம்மையாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வது மேல் என்கிறது அது. ‘தன்’ என்பதற்கு மனத்தின் இயல்பு என்று பொருள் கொண்டவர்கள் உண்டு. ஊர் நடப்பில் அதற்குப் பிறப்பு என்பதே பொருளாயிற்று. இன்னொன்று, 12-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டின் பசவண்ணரும், சரணர்கள் எனப்பட்ட அவர் வழி அடியார்களும் கல்யாண நகரத்தில் முன்வைத்த காயகம். உழைப்பே வழிபாடு, அதில் மேல் கீழ் இல்லை என்றார்கள் அவர்கள். செருப்புத் தைக்கும் அரளய்யாவின் மகனுக்கும் பிராமணரான மதுவரசரின் மகளுக்கும் மணம் நடந்ததாகவும், அதற்காக அந்தத் தந்தையர் இருவரும் கொல்லப்பட்டதாகவும் வீரசைவ மரபு சொல்கிறது. உழைப்பு சமம் என்ற பேச்சைப் பொறுத்துக்கொண்ட ஊர், அந்தச் சமம் மணப்பந்தலுக்கு வந்ததும் பொறுக்கவில்லை. தொழிலைப் போற்றுவது எளிது. தொழிலாளியைச் சம்பந்தியாக ஏற்பது வேறு.

அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் இதைப் பொருளியல் கேள்வியாகவும் பார்த்தார். தேவை மாறும்போது மனிதர் தொழில் மாற வேண்டும். சாதி அதற்கு இடம் தராததால் வேலையின்மை உண்டாகிறது என்றார். ஒரு பக்கம் வேலையற்றவரை உண்டாக்கும் தடை, மறுபக்கம் ஆள் பஞ்சத்தையும் உண்டாக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பெரியாளாக வரும் இளைஞன் கலவை சுமந்து, செங்கல் எடுத்துக் கொடுத்து, கொத்தனார் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே சில ஆண்டுகளில் கரண்டியைக் கையில் வாங்குகிறான். தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேர் பார்க்கவும், ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்கவும் அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கிறார்கள். அவனுக்கு முன்பே அதே சாரத்தடியில் வந்து நின்ற சித்தாள், கலவைக்குத் தண்ணீர் போதுமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவள், இருபது ஆண்டு கழிந்தும் பெரும்பாலும் சித்தாளாகவே இருக்கிறாள். கொத்தனார் இல்லை என்று நாம் புலம்பும் இடத்திலேயே, கொத்தனாராகக்கூடிய ஒருத்தி தலையில் சட்டியோடு நிற்கிறாள்.

கூலி உயர்ந்தால் ஆள் தானாக வரும், இதில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கூலி அவசியம், அது மட்டும் போதவில்லை. வேலை தொடர்ந்து கிடைத்தால், தேர்ந்த கொத்தனாரின் மாத வருமானம் புதிதாக வேலைக்குச் சேரும் பட்டதாரி பலரின் சம்பளத்தைத் தாண்டும். ஆனால் மழை பெய்தால் அவருக்குக் கூலி இல்லை. இடுப்பு விட்டுப்போனால் தொழிலே இல்லை. பெண் கேட்டுப் போகும் வீட்டிலும் பட்டதாரிக்குக் கிடைக்கும் மரியாதை அவருக்குக் கிடைப்பதில்லை. கல்யாண நகரத்தில் தோற்ற சமத்துவம் நம் வீட்டுக் கல்யாணங்களில் இன்னும் ஜெயிக்கவில்லை. இதையெல்லாம் எடைபோட்டுத்தான் ஒரு பிளஸ் டூ மாணவன் ஐடிஐயை விட்டு ஏதோ ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போகிறான். அவன் முடிவில் சோம்பலும் இல்லை, வீண் பெருமையும் இல்லை.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வாசலை எல்லோருக்கும் திறந்துவிட்டால் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நுட்பம் சிதறிப்போகாதா? 1953-இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றபோது, உழைப்பின் மேன்மையும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள்; 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. குடும்பத்தில் நுட்பம் வளரும் என்பது உண்மைதான். ஆனால் குடும்பத்தில் மட்டுமே வளரும் என்பது உண்மையில்லை. கோயில் சிற்பம்போல் பரம்பரையைச் சார்ந்த கலைக்கே மாமல்லபுரத்தில் 1957-இல் அரசு பயிற்சிக்கூடம் திறந்தது. அது பின்னர் கல்லூரியாகவும் வளர்ந்தது. நூலைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று தூக்குக்குண்டு கேட்பதில்லை. சரி, வாசலைத் திறந்த பிறகும் ஒரு வேலைக்கு யாருமே வராவிட்டால்? கழிவுநீர்க் குழிக்குள் இறங்குவதுபோல, விருப்பத்தோடு யாரும் செய்யாத வேலையில் மாற வேண்டியது அந்த வேலையின் முறை. அதற்கென்று ஒரு பிறப்பை ஒதுக்கி வைப்பதை எந்த அறமும் ஏற்காது.

ஆகவே, ஒரு தொழிலைப் புனிதம் என்று சொல்ல வருகிறவர் முதலில் இரண்டைக் காட்ட வேண்டும். அந்த வீட்டில் பிறந்த பிள்ளை குற்ற உணர்வில்லாமல் அதைவிட்டு வெளியே போகலாம். வெளியிலிருந்து வரும் எவரும் அதைக் கற்று மேலே ஏறலாம். இரண்டும் இல்லாத இடத்தில் புனிதம் என்ற சொல் பூட்டின் மேல் தொங்கவிட்ட மாலைதான். கொத்தனாரின் மகள் கல்லூரிக்குப் போவதைப் பார்த்து வருந்துவதை விட்டு, சித்தாளின் கையில் கரண்டியைக் கொடுத்துப் பார்க்கலாம்.