ஒட்டுப் போட்ட ஓடு

ஹெல்மெட் விசித்திரமான வஸ்து. மோதலின் வேகத்தை உட்புறத்துத் தெர்மோகோல் தான் நசுங்கி வாங்கிக்கொள்கிறது, நசுங்கியது மீள்வதில்லை. தன் காரியத்தைச் செய்த கணமே அது குப்பை. இப்படியொன்றைப் போற்றிப் பாதுகாப்பதற்கு என்ன அர்த்தம்?

நண்பரொருவர் தூறல் விழுந்தாலே தன் விலையுயர்ந்த ஹெல்மெட்டைக் கழற்றித் துணிப்பைக்குள் போட்டுவிடுவார். போன மாதம் ஒரு ஞாயிறு அவர் புல்லட்டில் வால்பாறை போனோம். ஆழியாறுக்கு மேலே, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், கண்ணாடியில் மாட்டியிருந்ததைக் குரங்கு தட்டிவிட்டது. பாறையில் விழுந்து ஓடு விரிந்துவிட்டது. ‘தலையில இருக்கறப்ப ஒடஞ்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்குமுங்க’ என்றார். பொருளுக்காக அல்ல, அது வீணாய் உடைந்ததற்காகத் துக்கம். பையில் கிடந்த நாட்களும் வீண்தான் என்பது அவருக்குப் படவில்லை.

கோவையின் ஜி. டி. நாயுடு தன் முதல் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே கற்றார் என்பது ஊரறிந்த கதை. அவர் மறைந்த 1974இல் வந்த ராபர்ட் பிர்ஸிக்கின் நூலில், பி.எம்.டபிள்யூ வைத்திருக்கும் ஜான், தளர்ந்த கைப்பிடிக்குப் பீர் டப்பாத் தகடு செருகலாம் என்றதும் முகம் சுளிக்கிறார். ஜானைக் கேலி செய்வது நமக்குச் சுலபம். ஆனால் ஒட்டு எல்லா வஸ்துவுக்கும் பொருந்துவதில்லை. பைக்கில் ஒட்டு வேலை செய்கிறது. ஹெல்மெட்டில் அது பொய்.

நண்பர் அரால்டைட் போட்டு ஒட்டி, சாயமும் பூசி, அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அவன் தினமும் அதை மாட்டிக்கொண்டுதான் அவிநாசி ரோட்டில் காலேஜ் போகிறான். சொல்லிப் பார்த்தேன்.

‘பாத்தாத் தெரியுதுங்களா?’ என்கிறார்.