மனு நகலை யார் சேர்ப்பார்கள்?

அமெரிக்காவின் பழைய மதுவிலக்குக் கொடிகளைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர்கள் உண்டு. பட்டுத்துணியில் எண்ணெய் வண்ணத்தில் எழுதி ஊர்வலத்தில் தூக்கிச்சென்ற பதாகைகளும் அவற்றில் அடக்கம். வருஷம் ஆக ஆக வண்ணம் இறுகி, பட்டு மடிப்பு மடிப்பாக வெடித்துவிடும். தொட்டு விரிக்கவே பயம். 1873 டிசம்பரில் ஒஹையோவின் ஹில்ஸ்பரோவில் பெண்கள் மதுக்கடை வாசலில் மண்டியிட்டு ஜெபித்தார்கள். மறு வருஷமே பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் பிறந்தது. வெள்ளை ரிப்பன் அதன் அடையாளம். 1920இல் நாடு முழுக்க அமலான மதுவிலக்கு 1933இல் ரத்தானது. ஆனாலும் துணிகள் பத்திரமாக இருக்கின்றன.

நம் பக்கம் என்ன மிஞ்சியது?

சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது 1937 அக்டோபர் 1இல். 1948இல் மாகாணம் முழுக்கப் பரவி, 1971இல் விலகியது. இதெல்லாம் அரசாணைகளில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆந்திரம். அங்கே நெல்லூர் மாவட்டத்து துபகுண்டாவில் எழுத்தறிவுப் பாடநூலில் வந்த சாராயக்கடைக் கதையைப் படித்த பெண்கள் 1990களின் தொடக்கத்தில் நிஜமாகவே கடையை மூடவைத்தார்கள். 1993இல் அந்த மாநிலத்தில் சாராயமே தடையானது. அவர்களுக்கு அந்தப் பாடநூல்தான் கொடி.

2016 டிசம்பரில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். சாலையோரக் கடைகள் குடியிருப்புகளுக்குள் இடம்தேட, 2017 கோடையில் தமிழகமெங்கும் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். கையில் துடைப்பம், காலிக்குடம். அவர்கள் பிடித்த பிளெக்ஸ் பேனர்கள் இந்நேரம் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகியிருக்கும். அதைக் குறை சொல்ல முடியாது, பட்டு போலப் பெட்டியில் வைக்கும் பண்டமா அது?

ஆனால் கடையை மூடச்சொல்லி எழுதிய மனுவின் நகல் வீட்டிலேயே இருக்கும். திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் செருகி வைத்தது. கோணல்மாணலான கையெழுத்துகள், நடுநடுவே ஊதா மையில் பெருவிரல் ரேகைகள். சம்பளக் கவர் முழுசாக வீடு வந்து சேர வேண்டும் என்று எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. கடை மூடியதோ இல்லையோ, கேட்டது உண்மை. ஜெயித்த போராட்டத்துக்கு மட்டும்தான் ஆவணம் வேண்டுமா?

கிளை நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கினால் போதும். ரேகை வைத்தவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு, ஒவ்வொரு ரேகைக்கும் பக்கத்தில் பென்சிலால் பேரை எழுதி வைக்க வேண்டும்.