எழுதி வைத்த உண்மை

இரவு 9 மணி. கடையை அடைக்கும் முன் இருப்பைச் சரிபார்க்கிறார் மருந்தாளுநர் ஒருவர். நீரிழிவு நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையில் 1 மில்லிகிராம் அட்டை ஒன்று கூடுதலாக இருக்கிறது. 2 மில்லிகிராம் அட்டை ஒன்று குறைகிறது. ரசீதுகளைப் புரட்டியதும் விளங்கிவிடுகிறது: மாலையில் வந்த முதியவருக்கு இரு மடங்கு வீரியமுள்ள மாத்திரை போயிருக்கிறது. உண்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். உடனே தொலைபேசியில் எச்சரித்து, வீடு தேடிச் சென்று மாற்றிக் கொடுக்கிறார். மறுநாள் காலைக்குரிய மாத்திரை. முதியவர் இன்னும் உட்கொள்ளவில்லை. தீங்கு நேரவில்லை; வேறு யாருக்கும் தெரியாது. இதை எழுதி வைக்கத்தான் வேண்டுமா?

சட்டம் கேட்கும் பதிவுகள் உண்டு. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையின்படி, அதிலுள்ள மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் காக்க வேண்டும். மருந்துகளால் விளையும் பாதகங்களைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கியது. மருந்தாளுநரும் அதற்குத் தகவல் அனுப்பலாம். ஆயினும், சிறு கடையில் நேர்ந்து உடனே திருத்தப்பட்ட பிழையை எந்த ஆய்வாளரும் கேட்கப் போவதில்லை. மனச்சான்று ஒன்றே கேட்கும்.

மனமோ சாக்குகளைத் தேடும். "எழுதினால் அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிடுமே!" இந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று. உண்மை சொன்னவரையே தண்டிக்கும் இடத்தில் யார் எழுதுவர்? ஆகவே, "யார் செய்தது?" என்பதற்கு முன் "எப்படி நேர்ந்தது?" என்று கேட்பது உரிமையாளரின் கடமை.

எழுதுபவருக்கும் கடமை உண்டு. நினைவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். "நான் மாற்றிக் கொடுத்தேன்" என்பது ஒரு வாரத்தில் "உதவியாளன் மாற்றி அடுக்கியிருந்தான்" என்றாகிவிடும். எனவே அன்றே எழுத வேண்டும். கண்டதையும் ஊகித்ததையும் கலக்கலாகாது. தவறாக எழுதிய வரியை ஒரே கோட்டால் அடித்துக் கையொப்பமிட வேண்டுமே தவிர, சுரண்டி அழிக்கலாகாது. நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். பிறர் குற்றங்களை மட்டுமே சேர்த்து வைக்கும் ஏடு பதிவேடு அன்று. அது பகையின் கருவி.

இதன் பயன் என்ன? ஒரே நிறப் பெட்டிகள் இரண்டு அருகருகே இருப்பதால் மூவர் வெவ்வேறு நாட்களில் தடுமாறியிருக்கலாம். மூவரும் வெட்கத்தால் மறைத்தால், மூன்றும் தனித்தனிக் கவனக்குறைவாகவே மறைந்து போகும். மூவரும் எழுதினால், குறை அலமாரியில் இருப்பது புலப்படும். நான்காம் நோயாளி காக்கப்படுவார்.

தவற்றுக்காக வருந்துவது நல்லதே. ஆனால் வருத்தம் வருந்துபவரின் உள்ளத்தோடு நின்றுவிடுகிறது. எழுத்தோ, இன்னும் கடைக்கு வராத ஒருவருக்குச் செய்யும் சேவையாகிறது.

சித்திரகுப்தன் கணக்கெழுதுவதாக நம் முன்னோர் சொன்னார்கள். அந்த மருந்தாளுநர் அன்றிரவு தம் கணக்கைத் தாமே எழுதுகிறார்: தேதி, நேரம், நேர்ந்த பிழை, செய்த திருத்தம். கீழே தம் பெயர். பிறகு அவ்விரு பெட்டிகளையும் வெவ்வேறு தட்டுகளுக்கு மாற்றிவிட்டு விளக்கை அணைக்கிறார்.