சபாத்தும் குளியலறை விளக்குக் கயிறும்

யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளான சபாத்தில் குளியலறை விளக்கின் கயிற்றை இழுக்கலாமா என்ற கேள்வி கொல்கத்தாவின் பாக்தாதி யூதர்களுக்கு ஒரு காலத்தில் எழுந்திருக்கவே முடியாது. மேகன் டேவிட் ஜெப ஆலயம் கட்டப்பட்டது 1884இல். அந்நகரின் எமாம்பாக் சந்து மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1899இல்தான்.

இழை பழுத்து ஒளிரும் குண்டு பல்பை நெருப்பு என்றே பெரும்பாலான ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், கருதினர். சபாத்தில் நெருப்பு மூட்டுவதை யூத வேதமான தோராவே தடுக்கிறது. இழையில்லாத கருவிகளில்தான் வழக்கு சூடுபிடிக்கிறது. மின்சுற்றை இணைப்பது 'கட்டுதல்' என்னும் விலக்கப்பட்ட வேலை என்றார் ஹஸோன் இஷ் என்னும் ரபி. ரபி ஷ்லோமோ ஸல்மான் அவுர்பாக் இதை ஏற்கவில்லை: திறந்து மூடும் கதவைப் போன்றதுதான் சுவிட்சும். தடையை அவர் வழக்கத்தின் பேரிலேயே நிலைநிறுத்தினார். கதவு உவமையே பொருத்தமாகத் தெரிகிறது.

கயிற்று சுவிட்சில் ஸ்பிரிங் தளர்ந்தால் இழுத்தும் விளக்கு எரியாது. அப்போது விலக்கப்பட்ட வேலை நடக்கவில்லை; ஆனால் இழுத்தவரின் எண்ணம்? பன்றி இறைச்சி என்று நினைத்து எடுத்தவன் உண்டது ஆட்டிறைச்சியே ஆனாலும் அவனுக்குப் பாவமன்னிப்பு தேவை என்கிறது யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூது.

அதே தல்மூது கழிப்பிடத்தை மறக்கவுமில்லை. மலம் கழித்தபின் சுத்தம் செய்துகொள்ளும் கற்களைச் சபாத்திலும் கூரைக்கு எடுத்துச் செல்லலாம். மனித கண்ணியத்துக்காக ரபிகளின் விதி தளரும். தோராவின் தடை அப்படித் தளராது. ஆகவே சபாத் தொடங்குமுன், வெள்ளி மாலையே குளியலறை விளக்கை எரியவிட்டுவிடுவார்கள். தளர்ந்த ஸ்பிரிங்கைப் பழுதுபார்ப்பதும் விலக்கப்பட்ட வேலைதான்; ஆகவே சபாத் முடிந்து சனி இரவு மூன்று நட்சத்திரங்கள் தெரிந்த பிறகே ஏணியைச் சாத்தலாம்.