மயங்கிய உடலும் பயிலும் கையும்

மயக்க மருந்து கொடுக்கப் பழகும் மாணவரின் கல்வி, தன்னைக் காத்துக்கொள்ள இயலாத ஓர் உடலின் மேல் நடக்கிறது. படுத்திருப்பவரால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது, கையைத் தட்டிவிட முடியாது. தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறியபின் தானாக மூச்சுவிடவும் முடியாது. தாடையை உயர்த்திக் காற்றுவழியைத் திறப்பதையும் குரல்நாண்களுக்கு இடையே குழாய் செலுத்துவதையும் பொம்மையில் எத்தனை முறை பழகினாலும், ஒருநாள் உயிருள்ள ஒருவரிடம் முதன்முறையாகச் செய்தே ஆகவேண்டும். அதனால் அந்த நோயாளிக்குத் தனி நன்மை இல்லை. நன்மையெல்லாம் இனி வரப்போகும் நோயாளிகளுக்கு. ஒருவரைப் பிறர் நலனுக்குக் கருவியாக்குவது அறமாகுமா?

அமெரிக்காவில் இந்தப் பணியைச் செவிலியர்களும் செய்கிறார்கள். 1877இல் பென்சில்வேனியாவில் மேரி பெர்னார்ட் என்ற கன்னியாஸ்திரி தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் வழி அது. இந்தியாவில் மயக்கம் கொடுப்பவர் மருத்துவர். மயக்கவியல் தொழில்நுட்பம் படித்தவர்கள் உடனிருந்து உதவுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் படிப்பவர்களுக்கும் அதே கேள்விதான் முன்னே நிற்கிறது.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய கேள்வியும் அல்ல. 1838இல் லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் பணி தொடங்கியபோது, ஈதர் மயக்கத்தை உலகம் அறிய இன்னும் 8 ஆண்டுகள் இருந்தன. அதற்கும் முன்பே இங்குள்ள வர்ம ஆசான்கள், மனிதனை நினைவிழக்கச் செய்யும் அறிவை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசித்திருக்கிறார்கள். உடலின் உயிர்நிலைகளான வர்மங்கள் 108, அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. படுவர்மத்தில் அடிபட்டவன் மூர்ச்சையாவான். அவனை மீட்க அடங்கல், இளக்குமுறை என்ற முறைகள் உண்டு. மீட்கத் தெரியாதவன் கையில் இந்த அறிவு இருக்கக் கூடாது என்பது மரபின் நிலை. பன்னிரண்டு ஆண்டுகள் சீடனின் குணத்தைப் பார்த்த பிறகே நுட்பங்களைச் சொல்லவேண்டும் என்பார்கள். இந்த ரகசியம் பல அறிவுகளை ஆசானோடு மண்ணுக்குள் கொண்டுபோனது உண்மைதான். ஆனாலும் கையின் திறமைக்கு முன்னால் ஆளின் குணத்தைப் பார்த்த அந்த வரிசை சரியானது.

மயங்கியவர் யார் என்ற கேள்வி இதைவிட ஆழமானது. சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளைச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாக வகுக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தில் இந்த ஐந்து அவத்தைகளைப் பேசுகிறது. விழிப்பில் புருவநடுவில் நிற்கும் உயிர் கண்டம், இதயம், உந்தி என்று இறங்கி மூலாதாரத்தை அடைகிறது. துரியம்வரை பிராணன் துணையிருக்கும். அதீதத்தில் அதுவும் ஒடுங்கி உயிர் தனித்திருக்கும். மருந்தால் வரும் மயக்கத்தை இந்த நிலைகளில் ஒன்றோடு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் சித்தாந்தத்தின் அடிப்படைக் கருத்து இங்கே பொருந்தும்: அறியும் கருவிகள் ஒடுங்கியதால் அறிபவர் இல்லாமல் போய்விடுவதில்லை. உணர்வு மூளையின் செயல் மட்டுமே என்று கொள்பவரும் இதே முடிவுக்கு வரவேண்டியிருக்கும். உடன்பட்டுப் படுத்தவர் சில மணி நேரத்தில் கண்விழித்துத் திரும்பி வருவார். நடுவில் அவர் உடலுக்குச் செய்ததெல்லாம் அவருக்குச் செய்ததுதான்.

ஆகவே மாணவரின் உரிமை பாடத்திட்டத்திலிருந்து வருவதில்லை, நோயாளி தருவது அது. அதற்கு எல்லையும் உண்டு. மயக்குவதற்கு முன் சில நிமிடங்கள் முழு ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தால், மூச்சு நின்ற பிறகும் ஆரோக்கியமான ஒருவருக்குப் பல நிமிட அவகாசம் கிடைக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் ஒன்றிரண்டு நிமிடமே. அந்தச் சேமிப்புக்குள்தான் மாணவர் முயலலாம். முயற்சி தவறினால் உடனே முகமூடி வழியே காற்றூட்ட வேண்டும், அடுத்த முறை ஆசிரியர் கை வைக்க வேண்டும். குழாய் செலுத்துவதற்கு முன்பே முகமூடியால் காற்றூட்டத் தேர்ந்திருப்பது இதற்காகவே. மீட்கத் தெரிந்த பிறகே மற்றது என்று வர்ம ஆசான் சொன்னதும் இந்த வரிசையைத்தான்.

பேச்சிலும் எல்லை வேண்டும். அறுவையின்போது நினைவு திரும்பியதாக நோயாளிகள் சொல்வது அரிது. 2014இல் வெளியான பிரிட்டன், அயர்லாந்து ஆய்வு ஏறத்தாழ 19,000 பொது மயக்கங்களுக்கு ஒன்று என்றது. ஆனால் அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம். மேசையில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே எண்ணிப் பழகுவது நல்லது.

மிகப் பெரிய அநீதி வேறொன்று. இலவசமாகச் சிகிச்சை பெறும் ஏழையின் உடலில் கற்று, அந்தத் தேர்ச்சியைப் பணம் கட்டக்கூடியவரிடம் மட்டும் காட்டுவது கடனைத் திருப்பாமல் போவதாகும். மாணவர் பங்கேற்பார், ஆசிரியர் அருகில் இருப்பார் என்பதை அறுவைக்கு முந்தைய நாளே தமிழிலோ மலையாளத்திலோ நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்பவருக்குச் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது.