களிமண்ணும் பள்ளிக்கூடமும்

நம் பள்ளிக்கூடங்களில் களிமண் ஏற்கெனவே இருக்கிறது, வசவாக. கணக்கு வராத பையனின் தலைக்குள் இருப்பது அதுதான் என்று வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அதையே ஓவிய வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்று பேச்சு எழும்போது அதன் பெயர் 'செராமிக்ஸ்' ஆகிவிடுகிறது. சட்டிபானை என்றால் முகம் சுளிக்கிறவர்கள் இந்தச் சொல்லுக்கு நிமிர்ந்து உட்காருகிறார்கள். சூளையில் நடப்பதென்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

வசதியற்ற பள்ளிக்கு இதைவிட மலிவான கலைச்சாதனம் கிடையாது என்பது உண்மை. செம்பட்டியைச் சுற்றிக் கண்மாய்களுக்குக் குறைவில்லை. வண்ணப்பெட்டி வாங்க வழியில்லாத பிள்ளைக்கும் மண் கிடைக்கும். என்னை உறுத்துகிற கேள்வி வேறு. முப்பது பிள்ளைகள் முன் மண்ணை வைக்கும்போது இருபத்தொன்பது பேருக்கு அது விளையாட்டு. முப்பதாவது பையன் வேளார் வீட்டிலிருந்து வந்தவனாக இருந்தால்? எதிலிருந்து தப்பிக்கட்டும் என்று அவனைப் பள்ளிக்கு அனுப்பினார்களோ, அதுவே பாடமாக அவன் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கேள்விக்கு இங்கே ஒரு சரித்திரம் உண்டு. 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்தது. எங்களூரிலிருந்து அதிக தூரமில்லாத காந்திகிராமத்தை 1947இல் சௌந்தரம் அம்மாளும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது காந்தியின் வழியில் வைத்த நம்பிக்கையில்தான். 1953இல் ராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வேளை படிப்பு, மறு வேளை பெற்றோரின் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார். 1954இல் காமராஜ் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. வார்தாவின் கொள்கைப்படி எந்தப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் தொடலாம். 1953இன் திட்டத்தில் தொழில் பிள்ளையின் பிறப்பைத் தேடிப் போயிற்று. காகிதத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற வித்தியாசம் வகுப்பறையில் நிலைப்பது கஷ்டம். "உனக்கென்னப்பா, இது கைவந்த கலையாச்சே" என்று ஓர் ஆசிரியர் பிரியமாகச் சொன்னால் போதும், வார்தா அந்தக் கணமே குலக்கல்வி ஆகிவிடும்.

வங்கியில் படிவம் நிரப்பித் தரும்போது, தொழில் என்ற இடத்தில் மண்பாண்டம் என்று போட வேண்டாம், கூலி என்று எழுதுங்கள் என என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். இதே கைகள் வனைந்த புரவிக்கு அய்யனார் கோயிலில் கண் திறக்கும்போது ஊர் கைகூப்பி நிற்கிறது. மதிப்பு பொருளோடு நின்றுவிடுகிறது. ஜப்பானியர் தேநீர்ச் சடங்கில் போற்றுகிற கிஸாயெமான் கிண்ணமும் கொரியாவில் பெயர் தெரியாத எவனோ அன்றாடப் புழக்கத்துக்கென்று வனைந்ததுதான். அந்தப் பெயரின்மையிலேயே ஓர் உன்னதத்தைக் கண்டார் யனாகி சோயெட்சு. பெயர் வேண்டாம் என்று ஒருவன் தானாகத் துறப்பதும் அவனுக்குப் பெயரே கிடைக்காமல் போவதும் ஒன்றல்ல. யனாகியோடு அதுவரை போக எனக்கு இயலவில்லை.

அப்படியானால் மண் வேண்டாமா? வேண்டும். ஆனால் முழுக்க வேண்டும். பிசைந்து, பிள்ளையார் பிடித்து, காயவைத்து, வர்ணம் பூசுவதோடு முடிந்தால் அது பொழுதுபோக்கு. சுடாத மண் மழையில் கரைந்து மறுபடி மண்ணாகும். சுமார் 600 டிகிரி சூட்டைத் தாண்டிய பிறகுதான் அதற்குத் திரும்ப வழியில்லை. மின்சூளை அவசியமில்லை, வைக்கோல், வறட்டி, விறகு போதும். ஈரம் சரியாகப் போகாத பாண்டம் உள்ளே ஆவி பெருகி வெடிக்கும், வனைந்தவன் யார் வீட்டுப் பிள்ளையானாலும். மதிப்பெண்ணில் இல்லாத ஒரு நடுநிலைமை நெருப்பில் இருக்கிறது. குழந்தைகள் அதைப் பார்க்க வேண்டும். நாற்பது நிமிஷப் பீரியடில் இது நடக்காது. நிழலில் உலரவே நாள்கணக்கில் ஆகும். 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை, ஓவிய ஆசிரியர்களையும் சேர்த்து, வாரம் மூன்று அரைநாளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று நியமித்தது. அரைநாள் வந்துபோகிறவரிடம் சூளை போடச் சொல்வது நியாயமல்ல. நம் பள்ளிகளுக்கு மண்ணில் பஞ்சமில்லை, நேரத்தில்தான் பஞ்சம்.

அந்த நேரத்தை ஊரிலுள்ள வேளார் ஒருவர் தரமுடியும். ஆண்டுவிழாவில் சக்கரம் சுற்றிக் காட்டிவிட்டுப் பொன்னாடையோடு போகிறவராக இருந்தால் பிரயோஜனமில்லை. அவருக்கு நாற்காலி, சம்பளம், பிள்ளைகள் வாயில் 'சார்' என்ற அழைப்பு மூன்றும் வேண்டும்.

இந்த வகுப்பு உருப்பட்டதா என்பதைக் கண்காட்சியில் வைத்த ஜாடிகளைப் பார்த்து நான் தீர்மானிக்க மாட்டேன். வேளார் வீட்டுப் பையன் ஒரு கோணல் சட்டியை வனைந்து வைத்துவிட்டு, யாரும் அவன் பிறப்பை இழுக்காமல், அடுத்த பீரியட் கணக்குக்குப் போகமுடிகிறதா என்று பார்ப்பேன். மற்றவர்களுக்கு மண்ணில் கெட்டிக்காரர்களாகும் உரிமை கிடைக்கிற அதே வகுப்பில் அவனுக்கு மண்ணில் மக்காக இருக்கும் உரிமையும் கிடைக்க வேண்டும்.