உங்கள் மலைக்கு நீங்களே விழா எடுங்கள்!

மே மாதம் பிறந்தால் போதும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டும். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். படகுத் துறையில் டிக்கெட்டுக்குக் கூட்டம் நெரியும். சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மக்கள் வந்து இறங்குவார்கள். அரசு நடத்தும் கோடை விழா ஏற்காட்டையே குலுக்கும். நல்லது. வரட்டும். மிளகும் காபித்தூளும் விற்கட்டும். மலையில் நாலு வீட்டு அடுப்பு நன்றாக எரியட்டும்.

ஆனால், ஏற்காட்டு இளைஞர்களே, அது வருகிறவர்களுக்கான விழா. வாழ்கிறவர்களுக்கான விழா எங்கே?

நாகலூரில் பிறந்தவர், மாரமங்கலத்தில் பிறந்தவர், வாழவந்தியில் பிறந்தவர், டவுன் கடைவீதியில் பிறந்தவர், எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர் என எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து, "இது எங்கள் ஊர், இது எங்கள் கதை" என்று நெஞ்சு நிமிர்ந்து சொல்ல ஒரு நாள் வேண்டாமா? வேண்டும்! அந்த நாளை உங்களுக்கு யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

"எங்க ஊர்ல என்னங்க இருக்கு?"

வெளியூர்க்காரர் கேட்டால் நம் பிள்ளைகள் சொல்லும் பதில் என்ன? "ஏரி இருக்கு, லேடீஸ் சீட் இருக்கு, பார்த்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்." இந்தப் பதிலை இன்றோடு நிறுத்துங்கள். தன் ஊரைச் சிறிதாகச் சொல்லிப் பழகியவன் தன்னையும் சிறிதாகவே எண்ணத் தொடங்குகிறான். கல்லூரிக்குப் போனாலும், நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் "மலையிலிருந்து வர்றேங்க" என்று குரலைத் தாழ்த்துகிறான். மிளகுக்கொடி பற்றி ஏற ஒரு சில்வர் ஓக் வேண்டும். தன்னம்பிக்கை பற்றி ஏற ஓர் ஊர் வேண்டும்.

என்ன இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? கேளுங்கள்.

எழுத்து பிறப்பதற்கு முன்பே இந்தச் சேர்வராயன் மலையில் மனிதர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகள் இங்கே ஏராளமாகக் கிடைத்தன. மலைமக்கள் அவற்றைப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கி வந்தார்கள். இந்தக் கற்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் மனித வரலாற்றையே பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கி நகர்த்திய அறிஞர் அவர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அவர் தன் பிற்கால வாழ்வுக்குத் தேர்ந்தெடுத்த ஊர் ஏற்காடு. 1912இல் மறைந்தவரின் நினைவிடம் இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. தொல்லியல் மாணவர்கள் தேடி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். தினமும் அந்தப் பக்கம் நடக்கும் உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மலையாளிப் பழங்குடி மக்களின் வாய்மொழிக் கதை ஒன்று உண்டு. காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்கிறது அது. ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும். மாறட்டும்! ஒரு கதை பல வடிவங்களில் இருக்கிறது என்றால் பல வாய்கள் அதைக் காப்பாற்றியிருக்கின்றன என்று பொருள். மலை உச்சியில் குகைக் கோயிலுக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் தெய்வங்களாக இருக்கிறார்கள். வைகாசி வெயிலில் சுற்றுப்பட்ட கிராமமெல்லாம் அங்கே திரள்கிறது. கூட்டம் சேர்க்கவும், சோறு ஆக்கவும், வரிசை ஒழுங்கு பண்ணவும் உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக அதைச் செய்து வருகிறவர்கள் நீங்கள்.

காபி? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்று புத்தகம் சொல்கிறது. சரி. காட்டைத் திருத்தியது யார்? குளிரில் கூடை சுமந்து பழம் பறித்தது யார்? களத்தில் காயப்போட்டுப் புரட்டியது யார்? அந்தப் பெயர்கள் புத்தகத்தில் இல்லை. உங்கள் பாட்டியின் நினைவில் இருக்கின்றன. அவற்றை எழுதி மாட்ட ஒரு சுவர் வேண்டும். விழா அந்தச் சுவரைத் தரும்.

1894இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி என்று பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகளை வரவழைத்த கல்விக்கூடங்கள் இங்கே நிற்கின்றன. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஆர்க்கிட் பூக்களுக்கென்றே இங்கு ஒரு தோட்டம் வைத்திருக்கிறது. வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று ஒரு மரம், இந்த மலையின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கிறது. இத்தனைக்கும் நடுவே நின்றுகொண்டு "என்ன இருக்கிறது" என்று இனி ஒருவரும் கேட்கக் கூடாது!

முன்னே நடந்தவர்களைப் பாருங்கள்

2004இல் சென்னையில் மூன்று பத்திரிகையாளர்கள் கூடிப் பேசினார்கள். எஸ். முத்தையா, வின்சென்ட் டிசூசா, சசி நாயர். 1639 ஆகஸ்ட் 22ஐ நகரம் பிறந்த நாளாகக் கொண்டு சென்னைக்கு ஒரு விழா எடுக்க நினைத்தார்கள். கருவூலம் திறக்கவில்லை. அரசாணை வரவில்லை. தெரிந்தவர்களிடம் சொன்னார்கள்: உங்கள் தெருவில், உங்கள் பள்ளியில், உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். ஒருவர் பழைய தெருக்கள் வழியே மக்களை நடத்திக் கூட்டிப்போனார். ஒருவர் உரை நிகழ்த்தினார். ஒருவர் பழைய படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஒரு நாள் நிகழ்ச்சி ஒரு வாரமாகி, வாரம் போதாமல் மாதமாக விரிந்தது. மூன்று பேரின் பேச்சு ஒரு மாநகரத்தின் வழக்கமாகிவிட்டது!

மயிலாப்பூரைப் பாருங்கள். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் ஜனவரி தோறும் விழா நடக்கிறது. அங்கே பெரிய ஈர்ப்பு எது தெரியுமா? வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டி. விடிந்தால் வாசலில் போடுகிற அதே கோலம்தான். வீட்டு வாசலில் இருந்தபோது யாரும் கவனிக்காத கைத்திறன், வீதிக்கு வந்ததும் ஊரே நின்று பார்க்கும் கலையானது.

"அதெல்லாம் வசதியான இடங்கள்" என்பீர்கள். சரி, சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கு வாருங்கள். மீனவக் குப்பம். 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சமூகச் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோர் குப்பத்து மக்களோடு கைகோத்தார்கள். கடலோரத்தில் மேடை எழுந்தது. கர்நாடக இசையும் மக்கள் கலைகளும் ஒரே மேடையில் ஏறின. சபாவுக்குப் போய்ப் பழகியவர்கள் குப்பத்து மணலில் வந்து உட்கார்ந்தார்கள். நகரம் எட்டிப் பார்க்கத் தயங்கிய இடத்துக்கு நகரமே நடந்து வந்தது. குப்பத்தால் முடிந்தது மலையால் முடியாதா?

தயக்கங்களைத் தூக்கி எறியுங்கள்

"பணம் இல்லை." மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் சோற்றுக்கும் வேண்டிய பணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று கேளுங்கள், வரும். கோயில் விழாவுக்கு வரி போட்டு நடத்திக் காட்டிய ஊர் இது. வந்த ரூபாயையும் செலவான ரூபாயையும் கடைவீதியில் பலகை வைத்து எழுதிப் போடுங்கள். கணக்கு சுத்தமாக இருந்தால் அடுத்த ஆண்டு கேட்காமலே கொடுப்பார்கள். விளம்பரப் பலகையால் உங்கள் முகத்தை மறைக்க நினைப்பவர் எவ்வளவு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

"நாங்கள் படிக்காதவர்கள்." எந்த மரத்துக்கு எந்தக் குணம், எந்தச் சுனை எப்போது வற்றும், சாமை எந்த மண்ணில் நிற்கும் என்று சொல்லத் தெரிந்தவர் படிக்காதவரா? அவரை நாற்காலியில் உட்காரவையுங்கள். மைக்கை அவர் கையில் கொடுங்கள். பட்டம் பெற்ற பேரன் கீழே உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும்.

"நம் பேச்சை யார் கேட்பார்கள்?" தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று சேந்தமங்கலம், மற்றொன்று ஏற்காடு. கோட்டைக்கே உங்களில் ஒருவரை அனுப்பிப் பேசவைக்கிற மக்கள் நீங்கள். சொந்தக் கடைவீதியில் பேசவா தயக்கம்?

செய்யுங்கள், இப்படிச் செய்யுங்கள்

முதல் ஆண்டே மலை முழுவதையும் தலையில் தூக்காதீர்கள். ஒரு கிராமம், அல்லது ஒரு தெரு, இரண்டு நாள். அதைச் சிறப்பாகச் செய்தால் போதும்.

மே மாதத்தைத் தொடாதீர்கள். சாலையில் கூட்டம், கோயில் திருவிழா, கோடை விழா எல்லாம் அப்போதே நடக்கின்றன. உங்களுக்கு ஏற்ற காலம் பிப்ரவரி. காபிப் பழம் பறிப்பு ஓய்ந்திருக்கும். கூலி கையில் வந்திருக்கும். மழை இருக்காது. பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வும் தொடங்கியிராது.

அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள்: "நம் ஊருக்கு விழா எடுக்கிறோம்." ஊராட்சி அறிய, ஊரறியச் சொல்லுங்கள். பெண்கள் பாதி, மலையாளி மக்கள், எஸ்டேட் தொழிலாளர், கடைக்காரர், ஆசிரியர் எல்லோரும் இருக்கும்படி குழு அமையுங்கள். ஒருவரை அலங்காரத்துக்கு உட்காரவைத்து வேறொருவர் முடிவெடுக்கும் குழு வேண்டாம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை சேகரிப்பு. பகலில் யாரையும் இழுக்காதீர்கள், பறிப்புக் கூலி போய்விடும். சாயங்காலம் திண்ணைக்குப் போங்கள். செல்போனில் தாத்தா பாட்டியின் பேச்சைப் பதியுங்கள். சம்மதம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். பழைய புகைப்படங்களைப் படமெடுத்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். திருகை, உலக்கை, பறிப்புக் கூடை, கம்பளி என்று எது கிடைத்தாலும் யார் வீட்டுப் பொருள் என்று பெயர் எழுதி வையுங்கள்.

ஜனவரி 26 கிராம சபையில் நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள். காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வண்டி நிறுத்த இடம், முதலுதவி, குடிநீர், கழிப்பறை ஆகிய நான்கும் முடிவாகாமல் மேடையைப் பற்றிப் பேசாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. உங்கள் விழாவில் அதை முழுமையாக நடத்திக் காட்டுங்கள்.

விழா நாளில் காலையில் ஊர் நடை. பள்ளிப் பிள்ளைகளே வழிகாட்டிகளாக ஃபூட் நினைவிடத்தையும் பழைய கட்டடங்களையும் காட்டட்டும். மதியம் சாமைச் சோறும் ராகிக் களியும் பரிமாறுங்கள். மாலையில் கதையும் பாட்டும். யார் முதலில் மேடையேறுவது என்ற சண்டை வராமலிருக்கச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒன்றில் மட்டும் உறுதியாக நில்லுங்கள்: பழங்குடி மக்களை வேடிக்கைப் பொருளாக நிறுத்தாதீர்கள். சாமி காரியத்தைக் காட்சிக்காக மேடையேற்றாதீர்கள். எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் வைத்துக்கொள்வது என்பதை அந்த மக்களே முடிவு செய்யட்டும்.

முதல் ஆண்டு ஐம்பது பேர் வந்தால்கூடச் சோர்ந்துவிடாதீர்கள். அந்த ஐம்பது பேரும் தங்கள் ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த ஆண்டு அவர்களே கூட்டிக்கொண்டு வருவார்கள்.

இளைஞர்களே, இளம்பெண்களே! பெரிய மனிதர் வந்து தொடங்கிவைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிதி ஒதுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காத்திருக்கிற ஒவ்வோர் ஆண்டும் ஒரு பாட்டி போய்விடுகிறாள், அவளோடு நூறு கதைகள் போய்விடுகின்றன. இன்று மாலையே நான்கு பேரைக் கூப்பிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் விழாத் தேதியை எழுதுங்கள். தேதி எழுதிய கை பின்வாங்காது. மலை உங்களுடையது. அதன் விழாவையும் உங்களுடையதாக்குங்கள்!